ஆதிரையன் கட்சி

அத்தியாயம் 12

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் மலர்க்கொடி புடவை கட்டினாள்.

பண்ருட்டியிலிருந்து அவள் அப்பா தட்சிணாமூர்த்தி போன் செய்து ஒரு வாரமாகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். குழந்தை இலக்கியாவையும் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். "புருஷன் இல்லாத வீட்ல இன்னும் எத்தினி நாளைக்கும்மா இருப்ப? வந்துடு" என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

மாமியார் தைலம்மாளிடம் சொல்லிவிடலாம். அழுவாள், புலம்புவாள், பிறகு தேறிக்கொள்வாள். மாமனார் சுப்பராயலுவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. அவர் அழவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். 'ம்' என்பார். அந்த 'ம்'முக்குப் பயந்துதான் ஒரு வாரம் ஓடிப்போயிற்று.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் சுப்பராயலு. ஒரே மகன் இளவழகன் தை மாதம் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான். அன்று முதல் அந்தத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அவருடைய குரல் கேட்பதே அபூர்வமாகிவிட்டது. டி.வி. இருக்கிற அறைப்பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த அறையில் போர்க்களம்தான். காரணம், 'நெடுவான்'.

பதினெட்டு வருஷம் ஓடிய விஞ்ஞானத் தொடர் அது. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அண்டவெளியில் அலைகிற ஒரு கப்பலின் கதை. கப்பல் ஒன்றுதான், கேப்டன்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். முதலில் பரிதி. நரைத்த தலை, அளந்த பேச்சு, எதற்கும் கலங்காத முகம். அடுத்தது ஆதிரையன். வாய் ஓயாத இளைஞன். தப்புத் தப்பாக முடிவெடுப்பான். பயம் வந்தால் பயமாயிருக்கிறது என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவான். கடைசியில் கயல் என்ற பெண் கேப்டன்.

எந்தக் கேப்டனின் காலம் பொற்காலம்? இதுதான் சண்டை. சுப்பராயலு பரிதி கட்சி. இளவழகன் ஆதிரையன் கட்சி. ஞாயிறு தவறாமல் சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்துவிடும் அவன் சிநேகிதன் செந்தமிழ்செல்வன் கயல் கட்சி. சோறு ஆறிப் போகும், குழம்பு ஆறிப் போகும், மூவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"சொத்துத் தகராறுகூட இப்படி நடக்காது. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச கப்பலுக்கா இந்தக் கூத்து!" என்பாள் தைலம்மாள்.

"உன் ஆதிரையன் கேப்டனாடா? கோமாளி! கேப்டனே பயந்தா கப்பல்ல இருக்கறவன் எங்கடா போவான்?" என்று சுப்பராயலு கத்துவார். பத்து வருஷமாக அதே கேள்வி. இளவழகன் அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பதில் வைத்திருப்பான். அவர் ஒன்றையும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது தொடரே முடிந்துவிட்டது. கடைசிப் பகுதியை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. போன வாரம் செந்தமிழ்செல்வன் வந்து நின்றான்.

"சிதம்பரத்துல ரசிகர்ங்கல்லாம் கூடறோம்ப்பா. மூணு காலத்துக்கும் மூணு சேர் போட்டுப் பேசப் போறோம். பரிதிக்கு நீங்கதான் பேசணும்."

சுப்பராயலு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆதிரையன் சேர்ல யாரையும் உக்கார வைக்கலப்பா. இளவழகன் சேரு அது. காலியாவே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

"வர்றேன்" என்றார் சுப்பராயலு. பிறகு மருமகளைப் பார்த்து, "நீயும் வாம்மா" என்றார்.

அப்படிக் கிளம்பியதுதான் இந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பயணம். இலக்கியா பாட்டியோடு வீட்டில் இருந்துகொண்டாள்.

*

பஸ்ஸில் மாமனாருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஓ.டி. என்கிற கடலூர் முதுநகரைத் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தாண்டிற்று. காரைக்காடு வந்தது. தொழிற்சாலைகளின் புளித்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. இங்கேதான் இளவழகன் சூப்பர்வைசராக இருந்தான். அவன் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் இந்த வாடைதான் வரும். அப்போது எரிச்சலாக இருக்கும்.

சுப்பராயலு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மலர்க்கொடிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் வெந்நீர் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது வார்டின் திரைக்கு அந்தப் பக்கம் இளவழகனின் குரல் கேட்டது.

"அப்பா... பயமா இருக்குதுப்பா."

"சீ, இன்னாடா இது. ஆம்பளப் புள்ளையாட்டம் இரு. டாக்டரைப் பாத்துட்டு வர்றேன்."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், அவளைக் கவனிக்காமல் விறுவிறுவென்று போய்விட்டார். அவள் உள்ளே போனபோது இளவழகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "வெந்நி சூடா இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு பயம் என்ற சொல்லையே அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டான்.

தான் கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தொண்டையில் சிக்கிய முள்ளாக அது அங்கேயே நின்றுவிட்டது. மாமனாருக்குக் காபி கொடுக்கும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அது உறுத்தும். பண்ருட்டிக்குப் போகச் சம்மதித்ததற்குக் குழந்தையின் படிப்பு ஒரு காரணம், வேலை ஒரு காரணம். இந்த முள்ளும் ஒரு காரணம்.

புதுச்சத்திரம் போயிற்று. முட்லூர் போயிற்று. வெள்ளாற்றுப் பாலமும் வந்துவிட்டது. அவள் சொல்லவில்லை.

*

மேலவீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. அறுபது பேராவது இருப்பார்கள். காலேஜ் பையன்கள், பேங்க் மானேஜர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. பின்சுவரில் கப்பலின் படம். அதன் முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலியில் யாரோ ஒரு முழம் கதம்பத்தை வைத்திருந்தார்கள். மலர்க்கொடி அதைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி" என்று செந்தமிழ்செல்வன் முன்வரிசையில் அவளை உட்கார வைத்தான். பக்கத்தில் ஒரு பெண் எழுந்து கும்பிட்டாள். பெயர் பிரிசில்லா. கடலூர் முதுநகர்க்காரி, காலேஜில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறாள். பரிதி கட்சியில் அவள் தீவிரம்.

"அய்யா பேசி முடிச்சதும் அவருக்குத் துணையா நான் பேசப்போறேங்க்கா. இன்னிக்கு கயல் கட்சிய ஒரு கை பாத்துடறோம்" என்றாள் சிரித்துக்கொண்டு.

கூட்டம் நன்றாகவே சூடு பிடித்தது.

"கயல் வந்தப்புறந்தான் அந்தக் கப்பல்ல சமையல்கட்டுன்னு ஒண்ணு இருக்கறதே நமக்குத் தெரிஞ்சுது! அதுவரைக்கும் பதிமூணு வருஷம் அவுங்க இன்னா சாப்ட்டாங்க?" என்று கேட்டான் செந்தமிழ்செல்வன். மாடி அதிர்ந்தது.

"பரிதி காலத்துல செட்டுல கதவு ஆடும், செவுரு ஆடும். கதை ஆடாது சார்!" என்று பின்வரிசையிலிருந்து பேங்க் மானேஜர் எழுந்து நின்று சொன்னார். அதற்கும் கைதட்டல்.

இதெல்லாம் மலர்க்கொடிக்குப் பழகிய சண்டை. ஒவ்வொரு வாதத்தையும் அவள் அடுக்களையில் நின்றபடி கேட்டிருக்கிறாள். அடுத்து எந்த இடத்தில் இளவழகன் குறுக்கே பாய்வான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சு தன்னால் ஒரு நொடி நின்று பார்த்தது. ஒருவரும் பாயவில்லை. பேச்சு அப்படியே கடந்து போயிற்று.

"அடுத்து, பரிதி காலத்துக்காக எங்க அப்பா சுப்பராயலு" என்றான் செந்தமிழ்செல்வன்.

சுப்பராயலு எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு மெல்ல நடந்தார். முதல் நாற்காலியைத் தாண்டினார். நடு நாற்காலிக்கு முன்னால் நின்றார். கதம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி அடங்கியது.

"அப்பா, அது..." என்று செந்தமிழ்செல்வன் குனிந்தான்.

"தெரியுண்டா. மைக்கைக் குடு."

மைக்கை வாங்கி வாயருகே பிடித்தார்.

"நான் ஆதிரையனுக்குப் பேச வந்திருக்கேன்" என்றார்.

"அய்யா, நீங்க எங்க கட்சி!" என்று பிரிசில்லா கத்திவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பேசினார். முதலில் தடுமாற்றம். பிறகு வார்த்தை வர ஆரம்பித்தது. பரிதிக்கு எல்லாக் கேள்விக்கும் விடை தெரியும், அதனால் அவன் யாரையும் கேட்பதில்லை. ஆதிரையனுக்குத் தெரியாது, அதனால் கப்பல் கழுவுகிறவனைக்கூடக் கூப்பிட்டு 'நீ சொல்லு' என்று கேட்டான். பரிதி காலத்தில் கப்பலில் ஒரு கேப்டனும் நாற்பது வேலைக்காரர்களும் இருந்தார்கள். ஆதிரையன் காலத்தில்தான் நாற்பத்தோரு மனுஷர்கள் ஆனார்கள்.

மலர்க்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவை அத்தனையும் இளவழகனின் வார்த்தைகள். எந்த ஞாயிற்றுக்கிழமை எதைச் சொன்னான் என்பது வரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கையை ஆட்டி 'போடா' என்று தள்ளிய மனிதர், ஒன்றுவிடாமல் கேட்டு உள்ளே வைத்திருக்கிறார்.

அவர் முடித்ததும் பிரிசில்லா எழுந்தாள். தன் கட்சி ஆளே எதிரிக் கட்சிக்குப் போய்விட்ட வேகம் அவள் முகத்தில் இருந்தது. இந்தப் பெரியவர் யார், அந்தக் கதம்பம் எதற்கு என்பதெல்லாம் அவளுக்கு முழுதாகத் தெரியாது போலும்.

"அய்யா, எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி. கப்பல் எரியுது. ஆதிரையன் எல்லார் முன்னாலயும் நின்னு 'எனக்குப் பயமா இருக்கு'ங்கறான். கேப்டனே பயந்தா மத்தவங்க எங்க போவாங்க? பரிதி ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா?"

கைதட்டல் வெடித்தது.

சுப்பராயலு அவளையே பார்த்தார். பத்து வருஷமாக அவர் கேட்ட கேள்வி.

"சொல்லமாட்டான்" என்றார். "பரிதி சொல்லமாட்டான்மா. அதத்தான் நானும் பெருசா நெனச்சுக்கினு இருந்தேன்."

மடியிலிருந்த கதம்பத்தைப் பார்த்தார்.

"ஒரு கதை வரும். எஞ்சின் ரூம்ல ஒருத்தன் மாட்டிக்குவான். கதவத் தொறந்தா கப்பலே போயிடும், தொறக்க முடியாது. நடுவுல ஒரு கண்ணாடி. அவனுக்குத் தெரியும், பொழைக்க மாட்டோம்னு. பயமா இருக்குதுங்கறான். ஆதிரையன் இன்னா பண்ணான்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்தான். 'எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்குது'ன்னான். கடைசி வரைக்கும் எழுந்திரிக்கல. ஞாபகம் இருக்குதாம்மா?"

"இருக்குங்கய்யா" என்றாள் பிரிசில்லா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"பரிதி அந்த எடத்துல இருந்தா... 'தைரியமா இரு'ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிருப்பான். நல்லவந்தான். கப்பலக் காப்பாத்தியிருப்பான். ஆனா அந்தப் புள்ள தனியா செத்திருக்கும்."

எழுந்து கதம்பத்தையும் மைக்கையும் நாற்காலியில் வைத்தார். செந்தமிழ்செல்வன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

மலர்க்கொடி மட்டும் எழவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முன்பின் தெரியாத அறுபது பேருக்கு இதைக் கொடுக்க முடிகிறது. கேட்க வேண்டியவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியவில்லையே!

*

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கை. புவனகிரிக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள். பண்ருட்டியைப் பற்றித்தான் சொல்ல நினைத்தாள். வந்தது வேறு.

"இத அவருகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

சுப்பராயலு திரும்பி அவளைப் பார்த்தார். எது, எப்போது என்று அவர் கேட்கவில்லை. அன்று அவள் திரைக்கு வெளியே நின்றிருந்தாள் என்பதை அவள் முகத்திலிருந்தே அவர் தெரிந்துகொண்டார்.

"ம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெளிய வந்து வராண்டா கோடில நின்னேன். காலு ஓடல. உள்ள திரும்பி வந்தா அழுதுடுவேன்னு தோணுச்சு" என்றார்.

"அழுதிருக்கலாம்."

"அழுதிருக்கலாம்."

காரைக்காட்டு வாடை மறுபடியும் உள்ளே வந்தது. இருவரும் மூக்கைப் பொத்தவில்லை. அவளிடம் கோபம் மிச்சமிருந்தது. ஆனால் முன்பு போல அதைப் பிடித்துக்கொள்ள வசதியாக இல்லை. எங்கே தொட்டாலும் அந்த வராண்டாக் கோடியில் நின்ற மனிதர் வந்து நின்றார். பண்ருட்டி விஷயத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

*

வெயில் தாழ்கிற நேரத்துக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் அவள் அப்பா தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு சூட்கேஸ்கள். இலக்கியா புது கவுன் போட்டு, பூ வைத்துக்கொண்டு, "அம்மா, பண்ருட்டி தாத்தா வேன் கொண்டாந்திருக்காரு!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அடுக்களைப் பக்கமிருந்து தைலம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மலர்க்கொடி விறுவிறுவென்று உள்ளே போனாள். அப்பாவைத் தனியாக ஒதுக்கி, "வெள்ளிக்கெழமை வர்றேன்னுதானப்பா சொன்னீங்க? நான் இன்னும் மாமாகிட்ட சொல்லவே இல்ல. ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று படபடத்தாள்.

தட்சிணாமூர்த்தி விழித்தார்.

"நான் எங்கம்மா பண்ணேன்? நேத்து உன் மாமனாருதான் போன் பண்ணாரு. 'பொண்ணு உங்ககிட்ட போன்ல பேசுனது என் காதுல வுழுந்துச்சு, எங்ககிட்ட சொல்ல முடியாமத் தவிக்குது சம்பந்தி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீங்களே வண்டி எடுத்துக்கினு வந்து கூப்ட்டுக்கினு போயிடுங்க'ன்னாரு. சூட்கேஸ்கூட அவருதான் காலையில சம்பந்தியம்மாகிட்ட சொல்லி எடுத்து வைக்கச் சொன்னாராம்."

அவள் திரும்பினாள். சுப்பராயலு இன்னும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படி அருகே நின்றிருந்தார். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த மனிதர், இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"ஏன் மாமா? நான் இங்க இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா?"

"இல்லம்மா."

"பின்ன?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"கருமாதி முடிஞ்ச நாள்லேர்ந்து பாக்கறேன். நீ ஒரு பொட்டு அழல. எனக்குக் காபி போடற, உங்க அத்தைக்குத் தைலம் தேய்ச்சு வுடற, புள்ளைக்குப் பாடம் சொல்ற. நாங்க ரெண்டு பேரும் ஒடஞ்சுடுவோம்னு நீ வாயக் கட்டிக்கினு திரியற. இந்த வீட்ல இருந்தா உன்னால அழ முடியாது மலரு. உன்னப் பெத்தவங்ககிட்ட போயாவது அழு. அதுக்காவத்தாம்மா."

மலர்க்கொடி சூட்கேஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தன் குரல்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. தைலம்மாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இலக்கியா ஒன்றும் புரியாமல் பண்ருட்டித் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழாதம்மா..." என்று தட்சிணாமூர்த்தி முன்னால் வந்தார்.

சுப்பராயலு கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"வுடுங்க சம்பந்தி. அழட்டும்."

அவள் அழுதாள். வாசலில் வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "சாமான ஏத்தலாங்களா? இல்ல நான் போவட்டுமா?" என்று கேட்டார்.

சுப்பராயலு அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.